வளைந்த கால், முட்டை வடிவ முதுகு: இது பதினாறாம் லூயி நாற்காலியா?

பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி காலத்துப் பாணி என்று கடைக்காரர் சொல்லும் நாற்காலி இது. ஆனால் கால் வளைந்திருந்தால் அது முழுமையான பதினாறாம் லூயி பாணி அல்ல. வளைகால் அவருக்கு முந்தைய மன்னரான பதினைந்தாம் லூயியின் பாணிக்கு உரியது. பதினாறாம் லூயி காலத்தில் (1774–1792) கால் நேராகி, கீழே குறுகி, நெடுக வரிப்பள்ளம் பெற்றது. கால் இருக்கைச் சட்டத்தோடு சேரும் சதுரக் கட்டையில் ஒரு சிறு பூவும் செதுக்கியிருப்பார்கள். கடைக்காரர் முட்டை வடிவ முதுகை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிட்டார் போலிருக்கிறது.

பெரும்பாலும் இது 19ஆம் நூற்றாண்டு மறுபதிப்பாக இருக்கும். அப்போதைய பட்டறைகள் இரண்டு பாணிகளையும் தாராளமாகக் கலந்தன.

நாற்காலியைக் கவிழ்த்து, இருக்கைச் சட்டத்தின் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கைரம்பம் நேரான, சீரற்ற கீறல்களை விடும். வில்லாக வளைந்த கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை. அப்படியானால் அது 19ஆம் நூற்றாண்டுத் தயாரிப்பாகவே இருக்கும்; 18ஆம் நூற்றாண்டு விலையைக் கொடுக்காதீர்கள். முலாம் எவ்வளவு மின்னினாலும் சரி.

ஆனால் ஒரு சட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அது பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம், இருக்கையின் நான்கு பக்கச் சட்டங்களையும் பாருங்கள். பாணிகள் கலந்திருப்பதை மட்டும் வைத்தும் ஒதுக்கிவிடாதீர்கள்: 1760களிலும் 1770களின் தொடக்கத்திலும் செய்த, இரு பாணிகளும் கலந்த அசல் நாற்காலிகளும் உண்டு. தச்சரின் முத்திரையை நம்பி முடிவெடுக்க வேண்டாம், அதிலும் போலிகள் ஏராளம்.