கரிசல் மண்ணில் கார் பாதை: தடிமனைக் கூட்டினால் விரிசல் நிற்குமா?

கேள்வி: கோவில்பட்டியில் வீடு கட்டி மூன்று வருடம் ஆகிறது. வெளி கேட்டிலிருந்து போர்டிகோ வரை 40 அடி நீளம், 10 அடி அகலத்துக்கு நாலு இன்ச் கான்கிரீட் போட்டோம். அடியில் கட்டட இடிபாடும் மணலும் கொட்டியிருந்தோம். இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் நடுவில் நீளவாக்கில் பிளந்துவிட்டது. கேட் பக்கம் ஒரு மூலை தூக்கிக்கொண்டதால் கேட் தரையில் உரசுகிறது. பழையதை உடைத்துவிட்டுக் கம்பி கட்டி ஆறு இன்ச் போட்டால் அசையாது என்கிறார் கொத்தனார். செய்யலாமா? எப்போதாவது தண்ணீர் லாரியும் உள்ளே வரும்.

பதில்: ஆறு இன்ச் போட்டாலும் அசையும். செலவு செய்வதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு நாலு இன்ச் கான்கிரீட்டின் எடை சுமார் 250 கிலோ. ஆறு இன்ச் என்றால் 375 கிலோ. கரிசல் மண்ணை விரிய விடாமல் அடைத்து வைத்து நனைத்தால், அது தள்ளும் விசை சதுர மீட்டருக்கு 10 டன்னைத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் கூடுதலாக ஏற்றப்போகும் 125 கிலோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் பழைய கான்கிரீட் மட்டமானது என்றும் நான் சொல்ல மாட்டேன். பிரச்சினை அதற்குக் கீழே இருக்கிறது, பணமும் அங்கேதான் போக வேண்டும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசலில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். அதன் படலங்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் நிலம் ஐப்பசி மழையில் மூடிக்கொள்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதன் மேல் கான்கிரீட் போட்டு மூடியதும் நடுப்பகுதி மண்ணின் ஈரம் பெரிதாக மாறுவதில்லை, வெயிலும் மழையும் ஓரங்களைத்தான் மாற்றி மாற்றித் தாக்குகின்றன. மழையில் ஓரம் தூக்கும், கோடையில் இறங்கும். கான்கிரீட் பலகை நடுவில் வளைந்து நீளவாக்கில் பிளக்கும். உங்கள் வீட்டில் நடந்தது இதுவேதான்.

உறுதிப்படுத்திக்கொள்ள விரிசலின் குறுக்கே ஒரு மரச்சட்டத்தை வையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருந்து, நூல் மாதிரி கோடு மட்டும் தெரிந்தால் அது கான்கிரீட் உலர்ந்து சுருங்கிய விரிசல், பயப்பட வேண்டியதில்லை. ஒரு பக்கம் தூக்கி நின்றால், அல்லது விரிசல் கோடையில் அகன்று மழையில் நெருங்கினால், அது மண்ணின் வேலை.

மண்ணையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2720 தரநூலின் 40ஆம் பகுதியில் உள்ள சோதனை மிகச் சுலபமானது. காய்ந்த மண்ணைப் பொடித்து நன்றாகச் சலித்து, அளவுக்கோடு போட்ட இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் பத்துப் பத்து கிராம் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களிமண் ஊதாது. ஒரு நாள் கழித்து மண் நிற்கும் உயரத்தைப் பாருங்கள். மண்ணெண்ணெயில் 12 மில்லி, தண்ணீரில் 24 மில்லி என்றால் வீக்கம் 100 சதவீதம். 50க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு, 100ஐத் தாண்டினால் ஐ.எஸ். 1498 அதை அதிகம் என்கிறது. பொறியியல் கல்லூரி மண் ஆய்வகங்களிலும் செய்து தருவார்கள்.

இனி அடித்தளத்துக்கு வருவோம். நீங்கள் செய்ததில் எனக்கு அதிகம் உறுத்துவது அந்த மணல்தான். கரிசலைத் தோண்டிவிட்டு மணலோ எம்-சாண்டோ கொட்டினால் அந்தக் குழி ஒரு தொட்டியாகிவிடும். சுற்றிலும் தண்ணீர் இறங்காத களிமண், நடுவில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மணல். மழை நின்று பல நாள் ஆன பிறகும் அது கீழே இருக்கும் கரிசலுக்கு ஈரம் ஊட்டிக்கொண்டே இருக்கும். இடிபாடும் அப்படியே, செங்கல் துண்டுகளுக்கு நடுவில் பொந்து பொந்தாகத் தண்ணீர் நிற்கும். ‘மணல் போட்டால் மெத்தை மாதிரி தாங்கும்’ என்று வேலை இடங்களில் சொல்வதைக் கரிசல் பூமியில் தயவுசெய்து கேட்காதீர்கள்.

போட வேண்டியது சரள் மண். ஜல்லித் துகளும் செம்மண்ணும் கலந்து, அழுத்தினால் இறுகி, தண்ணீரை எளிதில் உள்ளே விடாததாக இருக்க வேண்டும். ஒட்டும் தன்மை இருக்கலாம், வீங்கும் தன்மை இருக்கக் கூடாது. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி கரிசல் மண் மீது செய்த ஆய்வுகளிலிருந்து வந்த முறை இது. முறைப்படி இந்த அடுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிமன் கேட்கும். வீட்டுப் பாதைக்கு அவ்வளவு தோண்டச் சொல்ல மாட்டேன். ஒன்றரை அடி போட்டால் அசைவு முழுதாக நிற்காது, ஆனால் பலகையை உடைக்கும் அளவுக்கு வராமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். வரும் லோடு சரள்தானா என்பதற்கும் அதே குடுவைச் சோதனை போதும்.

இடம் இருக்கும் பக்கங்களில் பலகையின் விளிம்பைத் தாண்டி ஒன்றரை அடி வரை சரள் போக வேண்டும், ஏனென்றால் ஓரம்தான் முதலில் அடிபடுகிறது. அப்படிப் பார்த்தால் 13 அடி அகலம், 40 அடி நீளம், ஒன்றரை அடி ஆழம், மொத்தம் 780 கன அடி. இறுகிய பின் சுமார் எட்டு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), லூசாக வாங்கும்போது பத்து யூனிட் ஆகும். காம்பவுண்டு சுவர் பக்கம் ஜாக்கிரதை. சுவரின் அஸ்திவாரத்தை ஒட்டி அதன் அடிமட்டத்துக்குக் கீழே தோண்ட வேண்டாம். முழு நீளத்தையும் ஒரே நாளில் திறந்து போடவும் வேண்டாம்.

தோண்டியதும் குழியின் அடிமண் வெடித்துக் காய்ந்திருந்தால் இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்து, வெடிப்பு மூடிய பிறகே சரள் கொட்டுங்கள். தெளிக்கத்தான் வேண்டும், தேக்கக் கூடாது. சரளை அரை அடி அரை அடியாகப் பரப்பி, பிளேட் காம்பாக்டர் அல்லது சின்ன ரோலர் வைத்து இறுக்க வேண்டும். ஈரப் பதம் பார்க்க ஒரு கைப்பிடி அள்ளி அழுத்துங்கள்: உருண்டை பிடிக்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது, இரண்டு விரலால் நசுக்கினால் கட்டி கட்டியாக உடைய வேண்டும். ஒன்றரை அடியையும் ஒரே மூச்சில் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் மேல் அரை அடிதான் இறுகும். இந்த இரண்டு நாள் வேலையின்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது, கான்கிரீட் போட்டுவிட்டால் கீழே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கரிசலில் சுண்ணாம்பு கலக்கும் முறையும் உண்டு, சாலை வேலைகளில் இயந்திரம் வைத்துச் செய்வார்கள். மண்வெட்டியால் கட்டியை உடைத்துச் சீராகக் கலப்பது நடக்காத காரியம், அதனால் வீட்டு வேலைக்கு நான் சொல்வதில்லை.

கான்கிரீட்டுக்கு ஐந்து இன்ச் போதும், லாரி உள்ளே வராது என்றால். நிறைசுமையோடு ஒரு தண்ணீர் லாரி பத்துப் பதினைந்து டன் இருக்கும், கார் ஒன்றரை டன் இருந்தாலே பெரிது. எப்போதாவது வரும் லாரிக்காகப் பாதை முழுவதையும் பலமாக்குவதைவிட, லாரியைத் தெருவில் நிறுத்தி ஹோஸ் இழுத்து சம்ப்பை நிரப்புவது புத்திசாலித்தனம். வந்தே ஆக வேண்டும் என்றால் ஆறு இன்ச், எம்25 கலவை (எம் எண் கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும்), அதுவும் ஆலையில் கலந்து லாரியில் வரும் ஆர்.எம்.சி.யாக இருந்தால் நல்லது.

ஐந்து இன்ச்சுக்கு எம்20, அதாவது சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 கலவை. முக்கால் இன்ச் ஜல்லி. 400 சதுர அடிக்கு 38 முதல் 40 மூட்டை சிமென்ட் பிடிக்கும். மூட்டைக்குத் தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, ஈர மணலாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். ஓடுகிற மாதிரி கலந்தால் பரப்புவது சுலபம், பலம்தான் போய்விடும். உங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. வாயில் வைத்துக் கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

கம்பி விரிசலைத் தடுக்காது, வந்த விரிசல் அகலாமல் பிடித்து வைக்கும். 8 மி.மீ. கம்பி, எட்டு இன்ச்சுக்கு ஒன்று, இரண்டு திசையிலும். அது மேல்மட்டத்திலிருந்து இரண்டு இன்ச் கீழே இருக்க வேண்டும். தரையில் கிடத்திவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்பார்கள். அடுத்த ஆள் மிதித்ததும் அது மறுபடி தரைக்குப் போய்விடும். கவர் பிளாக்கோ, வளைத்த கம்பி நாற்காலியோ வைத்தே கட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் சரள் மேல் கனமான பாலிதீன் ஷீட்டை ஓர் அடி மேற்படிய விரித்துவிடுங்கள்.

40 அடியையும் ஒரே பலகையாக ஓட்டாதீர்கள். ஐந்து இன்ச் கனத்துக்குப் பத்தடிக்குப் பத்தடி கட்டம் சரியான அளவு. உங்களுக்கு நாலு கட்டம் வரும். கட்டர் மெஷின் வைத்து அறுக்கலாம், ஆனால் நம் வெயிலில் அதைப் போட்ட அன்றைக்கே, தாமதித்தால் மறுநாள் விடியலுக்குள் அறுத்தாக வேண்டும். மெஷின்காரர் மூன்றாம் நாள் வந்தால் விரிசல் அதற்குள் தானே இடம் தேடிக்கொண்டிருக்கும். அதனால் ஒன்று விட்டு ஒன்று போடும் முறையே எனக்குப் பிடிக்கும். முதலில் ஒன்றாம், மூன்றாம் கட்டம், சில நாள் கழித்து இரண்டாம், நான்காம் கட்டம். கட்டங்களுக்கு நடுவே கம்பி வலையை நிறுத்திவிட்டு, ஓர் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. வழவழப்பான கம்பித் துண்டுகளை ஷட்டரிங் பலகையில் துளையிட்டு நீட்டிவிடுங்கள். ஒரு பாதியில் கிரீஸ் தடவ வேண்டும். பலகைகள் சுருங்கி விரிய வழி கிடைக்கும், ஒன்று மட்டும் தனியாகத் தூக்காது. போர்டிகோ தூணையும் வீட்டுச் சுவரையும் தொடும் இடத்தில் அரை இன்ச் தெர்மாகோல் வைத்துப் பிரித்துவிட வேண்டும். பாதை அசைந்தால் அது வீட்டைத் தள்ளக் கூடாது.

ஆடியில் போட வேண்டாம். வெயிலைவிட அந்த வறண்ட காற்றுதான் எதிரி, மேல்பரப்பு ஈரத்தை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சி வலை வலையாக வெடிக்க வைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மண் முழுக்க ஊதியிருக்கும். மழை ஓய்ந்து மண் நடுத்தர ஈரத்தில் இருக்கும் தை, மாசிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

மேல்பரப்பு முடிக்கும்போது கொத்தனார் சிமென்ட் பவுடரைத் தூவிக் கரணையால் வழவழவென்று இழைப்பார். வேண்டவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தத் தோல்தான் பிறகு உரியும், மழையில் வழுக்கும். மேலே கசிந்த தண்ணீர் வற்றியதும் மணியாசு கட்டையால் தேய்த்து, விளக்குமாற்றால் குறுக்கே ஒரே இழுப்பாகக் கோடு போட்டால் போதும். தண்ணீர் ஓடுவதற்கான வாட்டம் (சரிவு) பத்தடி அகலத்துக்கு இரண்டு இன்ச், வீட்டைவிட்டு விலகும் திசையில்.

க்யூரிங்குக்கு, அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பதற்கு, ஐ.எஸ். 456 வெயில் காலத்தில் குறைந்தது 10 நாள் கேட்கிறது. கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்பதால் 14 நாள் வையுங்கள். ஆனால் கரிசல் மண்ணில் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்தினால் அது ஓரமாக வழிந்து கீழேதான் போகும். நனைத்த சாக்கைப் பரப்பி, காயாமல் தெளித்துக்கொண்டிருந்தால் போதும். 14 நாளுக்குப் பிறகு கார் ஏறலாம்.

பாதை போட்ட பிறகு ஓரத்தில் பூச்செடிப் பாத்தி வைத்துத் தினம் தண்ணீர் விடாதீர்கள், வேப்பங்கன்றும் பக்கத்தில் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் எல்லா வீட்டிலும் ஒரு குழி இருக்கிறது, பல வீடுகளில் அது கார் பாதையை ஒட்டியே இருக்கிறது. கரிசல் மனையில் அதைப் பாதையிலிருந்தும் அஸ்திவாரத்திலிருந்தும் முடிந்தவரை தள்ளி, மனையின் மூலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவு தோண்ட முடியாது, பட்ஜெட் இடிக்கிறது என்றால் பேவர் பிளாக் பற்றி யோசியுங்கள். ஐ.எஸ். 15658 இலகுவான வண்டிப் போக்குவரத்துக்கு 60 மி.மீ. கனமும் எம்35 தரமும் சொல்கிறது. அதற்கும் அடியில் இறுக்கிய சரள் வேண்டும், ஓரத்தில் கெர்ப் கல் வேண்டும். ஆனால் மண் அசைந்தால் அது உடையாமல் மேடு பள்ளமாகும், அந்த இடத்தை மட்டும் எடுத்துச் சமன் செய்து மறுபடி அடுக்கலாம். மண் வீக்கம் 100ஐத் தாண்டும் மனைகளுக்கு நான் பெரும்பாலும் இதையே சொல்கிறேன்.

உடைக்க ஆரம்பிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். போர்டிகோ மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் பைப் எங்கே விழுகிறது, கேட் பக்கம் தண்ணீர்க் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். ஒரு மூலை மட்டும் தூக்கியிருப்பதால் அந்த மூலைக்கு எங்கிருந்தோ அதிகத் தண்ணீர் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதை முதலில் திருப்பிவிட்டு, விரிசலைத் தார் சீலன்ட் ஊற்றி அடைத்து, கேட்டின் கீல்களை அரை இன்ச் தூக்கி வைத்து ஒரு மழைக்காலம் பாருங்கள். மேற்கொண்டு தூக்காமல் நின்றுவிட்டால், முழுப் பாதையையும் உடைக்காமல் அந்த ஒரு மூலையை மட்டும் எடுத்துக் கட்டினால் போதும்.