வார்டு சிஸ்டரைக் கேட்டு ஆள் எடுங்கள்: கேள்வி பதில்

தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ்களை எடுப்பது, தக்கவைப்பது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள்.

இண்டர்வியூவில் வார்டு சிஸ்டரையும் உட்கார வைக்கிறோம். ஆனாலும் எடுத்தவர்கள் மூன்றே மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள். (எச்.ஆர்., கே.கே. நகர்)

உட்கார வைத்தால் போதாது சார், மார்க் போடும் உரிமை வேண்டும். எந்த வார்டுக்கு ஆளோ அங்கிருந்தே இரண்டு பேர்: ஒருவர் சீனியர், இன்னொருவர் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவர். புதிதில் எது திணறடித்தது என்பது சின்னவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். நூற்றுக்கு நாற்பது மார்க்கை அவர்களிடம் விடுங்கள். மேட்ரன் (நர்ஸ்களின் தலைவர்) பேசுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். அவர் பேசிய பிறகு மாற்றிப் போட யாருக்கும் தைரியம் வராது. அந்த நேரமும் டூட்டிக் கணக்கில் வரவேண்டும். நைட் முடித்தவரைப் பத்து மணிக்குக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள்.

என்ன கேட்பது? (இன்சார்ஜ் சிஸ்டர், திருமங்கலம்)

எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்வி. ஒன்று கணக்கு: 500 மி.லி. சலைன், 4 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட். நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு என்று வரவேண்டும். இன்னொன்று: டாக்டர் போனில் சொன்ன டோஸ் அதிகமாகத் தெரிந்தால்? திருப்பிச் சொல்லி உறுதிசெய்வேன், சந்தேகம் தீராமல் கொடுக்கமாட்டேன் என்பவரை விடாதீர்கள். கல்யாணம் எப்போது என்ற கேள்வி வேண்டவே வேண்டாம்.

பிறகு வார்டில் நான்கு மணி நேரம் கூட நிற்கட்டும், ஹேண்டோவர் (ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) நேரத்தையும் சேர்த்து. வார்டின் சுயரூபம் அப்போதுதான் தெரியும். பார்க்க மட்டும்தான், ஊசி போட விட்டால் அது சம்பளமில்லாத வேலை, ஏதாவது ஆனால் பெரிய வம்பு.

எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), வெளிநாடு என்று போய்விடுகிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைக்கலாமா? (நிர்வாகி, மேலூர்)

கூடாது. சரிபார்த்து அன்றே திருப்பிக் கொடுங்கள். அரசு ஆணையோ ஜெர்மனி விசாவோ வந்தவரை நிறுத்த முடியாது. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைத்தான் நிறுத்த முடியும், அதற்குச் சம்பளத்தைப் பாருங்கள். தனியார் நர்ஸ்களின் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதை அடுத்து அமைந்த மத்தியக் குழுவின் பரிந்துரை: 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம்; 50க்குக் கீழ் என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. மே 12, நர்ஸ் தினத்தன்று கேக் வெட்டுவது இதற்கு ஈடாகாது.

டூட்டி சார்ட் போடும்போது எங்களைக் கேட்பதே இல்லை. எதிலிருந்து ஆரம்பிக்க? (ஸ்டாஃப் நர்ஸ், உசிலம்பட்டி)

சாயங்கால ஷிப்ட்டிலிருந்து, சிஸ்டர். சார்ட்டில் எட்டு மணி; ஹேண்டோவர் முடித்து வெளியே வர எட்டே முக்கால், அப்புறம் ஆரப்பாளையம் போய் பஸ் பிடிக்கணும். எல்லோரும் நிஜமாகக் கிளம்பிய நேரத்தை இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அந்தத் தாளோடு போய், நைட் ஆள் அரை மணி முன்னதாக வரும்படி ஷிப்ட்டை மாற்றக் கேளுங்கள். சித்திரைத் திருவிழா லீவை வார்டே பங்குனியில் முடிவு செய்யட்டும்: அழகர் இறங்கும் நாளில் போன வருடம் டூட்டி பார்த்தவருக்கு முதல் உரிமை, மீதிக்குச் சீட்டு.

புதியவரிடம் எப்போது பேசுவது? (மேட்ரன், அண்ணா நகர்)

30, 60, 90ஆம் நாட்களில், மேடம். பேசுகிறவர் அவருடைய இன்சார்ஜாக இருக்கக் கூடாது, வேறு வார்டு சீனியர். "எது நடந்தால் வேலையை விடுவீங்க?" என்று நேராகக் கேட்கலாம். சொன்னதில் ஒன்றையாவது ஒரு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அறுபதாம் நாள் "எல்லாம் நல்லாயிருக்கு" என்பார். அடுத்து வருவது ராஜினாமாக் கடிதம்.