ஆறாயிரம் ரூபாய்க்குள் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான் வாங்க முடியுமா?

கேள்வி கேட்ட அக்காவுக்குப் பல்லடம் பக்கமாம். வீட்டுக்காரர் தறிக்குப் போகிறார், பெரியவன் ஐந்தாவது, சின்னவள் இரண்டாவது, இரண்டு பேரும் தனியார் பள்ளி. ஃபீஸ் கட்டியது போக ஜூன் திறப்புக்கு ஆறாயிரம்தான் கையில் நிற்கும், அதில் நோட்டு, பை, ஷூ, யூனிஃபார்ம் எல்லாம் ஆகுமா என்று கேட்டிருக்கிறார்.

ஆகும். ஆனால் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பிப் போய் ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கினால் ஆகாது. அன்றைக்குக் கடைக்காரருக்கு நம்மிடம் பேரம் பேச நேரம் இருக்காது, பிள்ளைகள் பொம்மை போட்ட பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள், நமக்கும் எப்படியாவது முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றாகிவிடும்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். எங்களுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம், தீபாவளி போனஸைத் தவிர மொத்தமாகப் பணத்தைக் கண்ணில் பார்ப்பதே இல்லை. வாரச் சம்பளக்காரி மாதச் சம்பளக்காரர் மாதிரி ஒரே நாளில் வாங்கப் போனால் என்ன ஆகும்? கம்பெனியில் அட்வான்ஸ் வாங்குவேன், அதை ஆகஸ்ட் வரைக்கும் வாரா வாரம் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். நாலு வருஷம் இப்படித்தான் ஓடியது. அப்புறம்தான், வாரம் வாரம் வருகிற காசுக்கு வாரம் வாரம் வாங்குவதுதானே சரி என்று புத்தி வந்தது.

எங்கள் செக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருத்தர்தான் வழி சொன்னார். "தீபாவளிக்குப் பலகாரச் சீட்டு போடறோமில்ல, நோட்டுக்கு ஒண்ணு போட்டா என்ன சாமி?" என்றார். ஒன்பது பேர் சேர்ந்தோம், பிப்ரவரியில் ஆரம்பித்து வாரம் ஆளுக்கு நூறு, பத்து வாரம். ஏப்ரல் கடைசியில் ஒன்பதாயிரம் கையில். யார் யாருக்கு எந்த நோட்டு (கோடு போட்டது, போடாதது, நாலு கோடு, கட்டம்) என்று துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, மொத்தக் கடைக்கு இரண்டு பேர் மட்டும் போனோம். அட்டையில் 60 ரூபாய் அச்சடித்த 192 பக்க நோட்டு 42க்கு வந்தது. மொத்தம் 18 டஜன், ஆளுக்கு இரண்டு டஜன், கணக்குப் பார்த்தால் ஆளுக்கு 1008. அந்த எட்டு ரூபாயை எல்லோரும் கையிலிருந்து போட்டோம். டிவிஎஸ் எக்ஸெலில் வைத்து இரண்டு நடையாகக் கொண்டுவந்து சேர்த்தோம். அட்டையில் இருக்கிற விலைதான் விலை என்று அதுவரை நினைத்திருந்தேன், அதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22இலிருந்து நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான் எதற்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. அதற்கு முன்னால் நோட்டுக்கு 12 சதவீதம் இருந்தது. ஜாமெட்ரி பாக்ஸுக்கு 5 சதவீதம் உண்டு. பில்லில் நோட்டுக்கு வரி என்று போட்டிருந்தால் "ஏனுங்க, இது எதுக்குங்க?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பில்லை.

தாளைப் பார்க்காமல் மலிவு என்று அள்ளாதீர்கள். எங்கள் பெரியப்பா வீடு கரூர் மாவட்டத்தில் புகழூர் பக்கம், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிற டிஎன்பிஎல் ஆலை இருக்கிற ஊர். அவர் ஆலையில் வேலை பார்த்தவர் இல்லை, ஆனாலும் நோட்டுத் தாளைக் காதுக்குப் பக்கத்தில் உதறிப் பார்த்துத்தான் வாங்குவார். சடசடவென்று சத்தம் வந்தால் நல்ல தாள், துணி மாதிரி தொங்கினால் இங்க் மறுபக்கம் ஊறும் என்பார். எனக்கு அந்தக் காது இல்லை. பேனாவில் இரண்டு வரி எழுதித் திருப்பிப் பார்ப்பேன், அதுவே போதும்.

தனியார் பள்ளி என்றீர்கள், அப்படியென்றால் பள்ளிப் பெயர் அச்சடித்த நோட்டை அங்கேயேதான் வாங்க வேண்டும் என்பார்கள். என் பையன் படிக்கிற பள்ளியிலும் அதே கதை. போன வருஷம் 18 நோட்டு வாங்கச் சொன்னார்கள், ஏப்ரலில் அவன் பையைக் கொட்டினால் நாலு நோட்டில் பெயரைத் தவிர ஒரு எழுத்து இல்லை. இந்த வருஷம் வகுப்பு டீச்சரிடம் தனியாகப் போய், "முதல் பருவத்துக்கு எது எதுங்க கட்டாயம் வேணும்?" என்று கேட்டேன். ஒன்பதுதான் என்றார். மிச்சத்தைக் கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம், பள்ளி எங்கேயும் ஓடிப்போகாது. எழுதாமல் கிடந்த பழைய தாள்களை எல்லாம் கிழித்து அடுக்கி, கோணி ஊசியும் சணலும் வைத்து நடுவில் தைத்து ரஃப் நோட்டாக்கிவிட்டேன். தையல் மெஷினில் தைக்கப் பார்க்காதீர்கள், ஊசி மொக்கையாகிவிடும்.

பைக்கு வருகிறேன், இது என் தொழிலுக்குப் பக்கத்து விஷயம். ஜிப் போய்விட்டது என்று பையையே தூக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது ஜிப் இல்லை, அதன் மேல் ஓடுகிற ரன்னர்தான் வாய் விரிந்துபோகிறது. அதை மாற்ற எங்கள் பக்கம் முப்பது ரூபாய் வாங்குகிறார்கள். வார் பிய்ந்தால் தையல் போட இருபது. புதுசு வாங்கினீர்கள் என்றால், வாங்கின அன்றைக்கே தோள் வார் பையோடு சேருகிற இடத்தில் குறுக்கே இன்னும் இரண்டு தையல் போடச் சொல்லுங்கள். கம்பெனித் தையல் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒற்றை ஓட்டம்தான், செப்டம்பருக்குள் விட்டுவிடும். என் பையன் பைக்கு இது மூன்றாவது வருஷம்.

யூனிஃபார்ம் துணி பள்ளி சொன்ன கடையில்தான் கிடைக்கும் என்றால் ஒன்றும் செய்ய முடியாது, துணியை மட்டும் அங்கே எடுங்கள், தைப்பதை வெளியே கொடுங்கள். தைக்கிறவரிடம் பேன்ட் கீழே மூன்று விரல் அகலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள், பாவாடைக்கு இடுப்புப் பட்டியில் இரண்டு கொக்கி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் பிரித்துவிடலாம். பிரித்த இடத்தில் கோடு தெரியும், தெரியட்டும். விளையாட்டு நாளுக்குக் கேட்கிற வெள்ளை, மஞ்சள் டி-ஷர்ட்டை மட்டும் பள்ளியில் வாங்காதீர்கள். பல்லடத்திலிருந்து திருப்பூர் எவ்வளவு தூரம், காதர்பேட்டை பனியன் கடைகளுக்கு ஒரு நடை வாருங்கள். உள்ளாடை, டி-ஷர்ட் எல்லாம் வருஷத்துக்கே ஆகிற மாதிரி எடுத்துப் போகலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்கள் நமக்கு டிக்கெட்டுக்குக் காசும் இல்லை.

ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், பட்டுச் சொல்கிறேன். இரண்டு வருஷம் வரட்டும் என்று பையனுக்கு இரண்டு சைஸ் பெரிதாக வாங்கி, முன்னால் பனியன் வேஸ்ட்டைத் திணித்து அனுப்பினேன். மூன்றாவது நாள் படிக்கட்டில் தடுக்கி விழுந்து முன்பல் பாதி உடைந்தது. பால் பல்தான், ஆனாலும் பல் டாக்டருக்குக் கொடுத்த காசில் இரண்டு ஜோடி ஷூ வந்திருக்கும். எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். சாயங்காலம் கூட்டிப் போங்கள், அந்த நேரம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும், சாக்ஸ் போட வைத்து, முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பெரியவனுக்குப் பழைய கைடு, டிக்‌ஷனரி வேண்டுமென்றால் கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். மாநிலப் பாடத்திட்டம் என்றால் பதிப்பு வருஷத்தைப் பாருங்கள். பாடநூல்கள் 2018இலிருந்து வரிசையாக மாறியவை, அதற்கு முந்தைய கைடு சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பெரியவளை ஆறாவதில் அரசுப் பள்ளியில் சேர்த்தேன். பாடப் புத்தகம், நோட்டு, பை, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். சத்துணவு சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு எட்டாவது வரை நாலு செட் சீருடையும் உண்டு, பதினொன்றாவதில் சைக்கிள் வரும். சொந்தக்காரர்கள் "புள்ளைய ஏன் அங்க போட்ட?" என்று கேட்டார்கள், கேட்டவர்கள் யாரும் ஃபீஸ் கட்ட வரவில்லை. உங்கள் முடிவு உங்களுடையது.

போன வருஷம் பையனுக்கு ஆன கணக்கு இது: நோட்டு பள்ளியிலும் சீட்டிலுமாக 1,450, ஷூவும் சாக்ஸும் 780, துணி எடுத்துத் தைக்க 1,300, பை ரிப்பேர் 50, பென்சில், பேனா, அட்டை போட பிரவுன் தாள் எல்லாம் 260. மொத்தம் 3,840. உங்களுக்கு இரண்டு பேர், இதை இரண்டால் பெருக்கினால் ஆறாயிரத்தைத் தாண்டும், தெரியும். ஆனால் சீட்டில் நான் எடுத்த இரண்டு டஜனில் பாதிக்கு மேல் அடுத்த பருவத்துக்கு என்று பீரோவில் வைத்தேன், போன வருஷ யூனிஃபார்மில் ஒரு செட்டாவது உங்கள் இரண்டு பேருக்கும் மடிப்புப் பிரித்தால் ஆகும், சின்னவளுக்கு நோட்டும் குறைவு. இறங்கிவிடும்.

சீட்டுக்கு இந்த வருஷம் நேரமில்லை, அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து ஒரே தடவையாக டஜன் கணக்கில் எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பழைய பைகளை ரிப்பேருக்குக் கொடுங்கள். எங்கள் பக்கம் பை தைக்கிறவர் மே இருபதுக்கு மேல் போனால் பத்து நாள் கழித்து வா என்கிறார்.