வாசகர் கேள்வி – பதில்: குப்பை அஞ்சல்களிலிருந்து முகவரியைக் காப்பது எப்படி?

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே மின்னஞ்சல் முகவரியை வைத்திருக்கிறேன். சில மாதங்களாக நாளொன்றுக்கு ஐம்பது விளம்பர அஞ்சல்களாவது வருகின்றன. ஒவ்வொன்றிலும் ‘அன்சப்ஸ்கிரைப்’ இணைப்பை அழுத்தியும் அவை கூடிக்கொண்டேதான் போகின்றன. முகவரியை நான் கண்டவர்களுக்கும் கொடுத்ததில்லை. இதைக் கைவிடுவதுதான் வழியா?

பதில்: கைவிட வேண்டாம். உங்கள் வங்கி, வேலை, உறவு எல்லாம் அந்த முகவரியோடு பிணைந்திருக்கும். அதை மூடிவிட்டால், பழைய கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழியும் அதனோடு போய்விடும். பயன்பாட்டில் இல்லாத முகவரிகளை வேறொருவருக்கு வழங்கிவிடும் சேவைகளும் உண்டு. யாஹூ 2013-ல் அப்படிச் செய்தது.

கண்டவர்களுக்கும் கொடுத்ததில்லை என்கிறீர்கள். ஆனால் இத்தனை ஆண்டுகளில் பயணச்சீட்டுக்கும், பொருள் வாங்குவதற்கும், ஒரே ஒருமுறை திறந்து பார்த்த செயலிக்கும் எத்தனை படிவங்களை நிரப்பியிருப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றுள் ஒரு நிறுவனத்தின் தரவு திருடப்பட்டாலே போதும், உங்கள் முகவரி பட்டியலோடு பட்டியலாகக் கைமாறத் தொடங்கிவிடும். இணையப் பக்கங்களில் ‘அட்’ குறி எங்கே இருக்கிறது என்று தேடி முகவரிகளைத் திரட்டும் நிரல்களும், பெயரையும் எண்ணையும் சேர்த்து முகவரிகளை ஊகித்து அனுப்பிப் பார்க்கும் நிரல்களும் வேறு இருக்கின்றன. ட்ராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் ப்வோன்ட்’ தளத்தில் முகவரியை இட்டால், வெளியில் தெரியவந்த எந்தெந்தக் கசிவில் அது சிக்கியிருக்கிறது என்பதைக் கட்டணமின்றி அறியலாம். சிக்கியிருந்தால், கசிந்த தளத்தில் வைத்திருந்த கடவுச்சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்தினீர்களோ அங்கெல்லாம் உடனே மாற்றுங்கள்.

‘அன்சப்ஸ்கிரைப்’ செய்வதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நீங்களே பதிவு செய்த, பெயர் தெரிந்த நிறுவனமானால் தயங்காமல் விலகலாம். பெருமளவில் அஞ்சல் அனுப்பும் விளம்பரதாரர்கள் ஒரே சொடுக்கில் விலக வசதி தர வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024-ல் விதித்திருக்கின்றன. முன்பின் தெரியாதவர் அனுப்பிய அஞ்சலில் அதே இணைப்பை அழுத்துவதோ, ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று நாமே அவருக்கு உறுதி செய்வதாகிவிடும். அஞ்சலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் பதித்திருக்கும் படமும் திறந்தவுடன் அதே செய்தியை அனுப்பக்கூடும் என்பதால், படங்கள் தாமாகத் தோன்றுவதை அமைப்புகளில் நிறுத்திவையுங்கள். இத்தகையவற்றை வெறுமனே அழிப்பதைவிட ‘ஸ்பேம்’ என்று குறிப்பது நல்லது, அதைக் கொண்டுதான் வடிகட்டி கற்றுக்கொள்கிறது.

ஆயினும் இவையெல்லாம் வந்தபின் தடுப்பவை. நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, எல்லோருக்கும் ஒரே முகவரியைக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள் என்பதையே. வங்கிக்கும் நெருங்கியவர்களுக்கும் மட்டும் ஒரு புதிய முகவரியைத் தொடங்கி, முக்கியமான கணக்குகளை ஒவ்வொன்றாக அதற்கு மாற்றுங்கள். பழையது மற்றவற்றுக்கு இருக்கட்டும். ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தால், முகவரியைக் கசியவிட்டவர் யார் என்று கண்டுபிடிக்க உதவும். ஆனால் அந்த ஒட்டை நீக்கிவிட்டு அசல் முகவரிக்கு அனுப்புவது எவருக்கும் எளிது என்பதால் அதைப் பாதுகாப்பாகக் கருத முடியாது. மொஸில்லாவின் ‘ஃபயர்பாக்ஸ் ரிலே’, ஆப்பிளின் ‘ஹைட் மை இமெயில்’ போன்றவை ஒவ்வொரு தளத்துக்கும் தனி மறைமுகவரி தருகின்றன. அங்கே வரும் அஞ்சல் உங்களை வந்தடையும், உங்கள் அசல் முகவரியோ அந்தத் தளத்துக்குத் தெரியாது. தொல்லை தொடங்கினால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம்.

கேள்வி: என் முகவரியிலிருந்தே எனக்கு மிரட்டல் அஞ்சல் வந்திருக்கிறது. கணக்கு களவாடப்பட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மின்னஞ்சல்களை அனுப்புவதற்காக 1982-ல் வகுக்கப்பட்ட எஸ்எம்டிபி நெறிமுறை, அனுப்புநராக எழுதப்பட்டிருப்பவர் உண்மையில் அவர்தானா என்று கேட்பதில்லை. கடித உறையின் பின்புறம் எவர் பெயரையும் எழுதிவிட முடிவதைப் போன்றதுதான் இது. அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய சரிபார்ப்புகள் பின்னர் வந்தவை. பணம் அனுப்பாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். அனுப்பிய அஞ்சல்களின் பெட்டியையும் உள்நுழைவு விவரத்தையும் பார்த்து, ஐயமிருந்தால் கடவுச்சொல்லை மாற்றி இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

கேள்வி: அறுபது பேருக்கு ஒரே அழைப்பிதழை மின்னஞ்சலில் அனுப்பலாமா?

பதில்: அனுப்பலாம், எல்லா முகவரிகளையும், பெறுபவர்களுக்கு ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாமல் மறைக்கும் ‘பிசிசி’ கட்டத்தில் இட்டு. 1978-ல் கேரி தூர்க் என்பவர் இணையத்தின் முன்னோடி வலையமைப்பான ஆர்பாநெட்டில் ஏறத்தாழ 400 பேருக்கு அனுப்பிய கணினி விளம்பரம்தான் முதல் ஸ்பேம் என்று கருதப்படுகிறது. அதில் பெறுநர் பட்டியல் கடிதத்துக்குள்ளேயே வழிந்து, முகவரிகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. ‘டு’ கட்டத்தில் அறுபது பேரையும் இட்டால் நீங்களும் அதையே செய்கிறீர்கள்: அவர்களுள் ஒருவருடைய கணினியில் தீநிரல் புகுந்தால், மற்ற ஐம்பத்தொன்பது பேரின் முகவரிகளும் அதன் கையில் கிடைத்துவிடும்.