அப்பா அம்மா, குழந்தைங்களோட அமெரிக்காவுல மிச்சிகன் அப்பர் பெனின்சுலாவுல ஆர்வில (உள்ளயே தங்குற வசதி இருக்குற பெரிய வண்டி) சுத்துறோம். ஒரே ஒரு நாள் லேக் சுப்பீரியர் ஏரியைப் பார்க்க முடியும்னா எங்க போகலாம், எப்படி பிளான் பண்றது?

ஏரிக்கரைல இருக்குற முனிசிங்ங்கற ஊருக்குப் போங்க, வேற எதையும் சேர்க்காதீங்க. கூட பெரியவங்களும் குழந்தைங்களும் இருக்காங்கன்னு சொல்லியிருக்கீங்க, அதை வச்சுதான் சொல்றேன்.

நிறைய பேர் ஒயிட்ஃபிஷ் பாயின்ட், டக்வாமெனான் அருவி, முனிசிங் மூணையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு கிளம்புறாங்க. மூணுமே அருமையான இடம்தான், ஆனா முனிசிங்ல இருந்து ஒயிட்ஃபிஷ் பாயின்ட் போகவே கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் ஆகும், நாள் முழுக்க ஹைவேல போயிடும், ஏரிக்கரைல உட்காரவே நேரம் இருக்காது.

ஆர்விய கேம்ப்கிரவுண்ட்லயே ஹுக்கப்போட (கரன்ட், தண்ணி கனெக்‌ஷனோட) விட்டுட்டு, பின்னாடி இழுத்துட்டு வர்ற கார்ல போங்க. முனிசிங் பக்கத்துல இருக்குற பிக்சர்ட் ராக்ஸ் பார்க்குக்குள்ள பீச்சுக்குப் போற ரோடு சிலது மண் ரோடு, குறுகல், பெரிய வண்டிய திருப்பவே கஷ்டம். கார் இல்லன்னா ஸ்லைடு அவுட் (வெளிய தள்ளுற அறைப் பகுதி), ஆனிங் (வெளிய விரிக்குற நிழல் துணி) எல்லாம் உள்ள இழுத்து, ஃபிரிட்ஜ் கதவ லாக் பண்ணி, வாட்டர் பம்ப்ப ஆஃப் பண்ணிட்டு கிளம்பி, ஊருக்குள்ளயே ஒரு இடத்துல நிறுத்திட்டு போட் டூர் மட்டும் போங்க, அதுவே போதும்.

அந்த போட் டூருக்குத்தான் இந்த நாளையே ஒதுக்கணும்னு சொல்வேன். பிக்சர்ட் ராக்ஸ்னு ஒரு பாறைச்சுவர், சில இடத்துல 200 அடி உயரம், தண்ணில இருந்து செங்குத்தா எழும்பி நிக்கும். பாறை இடுக்குல கசியுற நிலத்தடி நீர்ல இருக்குற இரும்பு சிவப்பும் ஆரஞ்சுமா, செம்பு பச்சையும் நீலமுமா, மாங்கனீஸ் கருப்பா கோடு கோடா இறங்கியிருக்கும். யாரோ பெயின்ட் டப்பாவ மேல இருந்து கவுத்துவிட்ட மாதிரி இருக்கும். இதுல முக்கியமான விஷயம், பாறை பெரும்பாலும் வடமேற்கு பார்த்து நிக்குது, அதனால காலைல போனா நிழல்ல மங்கலா தெரியும், சாயங்கால வெயில் படும்போதுதான் கலர் எல்லாம் வெளிய வரும். ஜூன் ஜூலைல ராத்திரி ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்குறதால கடைசி டூருக்கே டிக்கெட் போடுங்க, முன்னாடியே போடுங்க. அலை அதிகமா இருந்தா கேன்சல் பண்ணிடுவாங்க, அது நம்ம நல்லதுக்குத்தான்.

ஏன்னா லேக் சுப்பீரியர சாதாரண ஏரின்னு நினைச்சு இறங்கக்கூடாது. பரப்பளவுல உலகத்துலயே பெரிய நன்னீர் ஏரி இது, 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, ஆழமான இடத்துல 400 மீட்டரத் தாண்டும். 1975 நவம்பர் 10-ஆம் தேதி எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டுன்னு 729 அடி நீள சரக்குக் கப்பல் இங்க புயல்ல மூழ்கி 29 பேரும் போயிட்டாங்க. அவ்ளோ பெரிய கப்பலுக்கே அந்த நிலைமை, அதனால சின்ன கயாக் (துடுப்பு போடுற ஒடுக்கமான படகு) வாடகைக்கு எடுத்து பாறை ஓரமா போறதெல்லாம் வேண்டவே வேண்டாம், போகணும்னா கைடோட பெரிய சீ கயாக்ல போங்க. தண்ணி ஆகஸ்ட்லயும் நடுங்க வைக்கும். குழந்தைங்க விளையாட சேண்ட் பாயின்ட் பீச் நல்லா இருக்கும், எதிர்ல கிராண்ட் ஐலண்ட் மறைக்குறதால அலை கம்மி.

பகல்ல மைனர்ஸ் காசில்ங்கற பாறையைப் பார்க்கப் போங்க, பார்க்கிங்ல இருந்து கொஞ்ச தூரம்தான், முதல் வியூ பாயின்ட் வரைக்கும் பெரியவங்க மெதுவா நடந்தே போயிடலாம். பழைய போட்டோல அந்தப் பாறைக்கு ரெண்டு கோபுரம் இருக்கும், 2006-ல ஒண்ணு இடிஞ்சு விழுந்துடுச்சு, இப்போ ஒண்ணுதான். இதனாலயே குழந்தைங்கள விளிம்புகிட்ட விடாதீங்க, பாறை உள்ளுக்குள்ள அரிச்சுட்டே இருக்கு. பார்க்குக்கு என்ட்ரன்ஸ் பாஸ் வேணும், நேஷனல் பார்க் வருஷ பாஸ் இருந்தா அதுவே செல்லும்.

இன்னொண்ணு, கோடைல தெற்குக் காத்து அடிக்கிற நாள்ல பீச்ல ஒரு வகை ஈ கணுக்கால சுத்திச் சுத்திக் கடிக்கும், பாக்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும், கொசு ஸ்ப்ரேக்கெல்லாம் பெருசா அசையாது. ஃபுல் பேன்ட்டும் தடியான சாக்ஸும் எல்லாருக்கும் எடுத்து வைங்க, போட்ல சாயங்காலம் குளிருக்கும் ஜாக்கெட் வேணும். பார்க்குக்குள்ள சிக்னல் பல இடத்துல கிடைக்காது, மேப்ப முதல் நாளே டவுன்லோட் பண்ணிடுங்க.

போட் டைம் ராத்திரிக்கு நெருக்கமா இருந்தா திரும்பி வர்றப்போ ரோட்ல மான் குறுக்க வரும், மெதுவா ஓட்டுங்க.