பர்மா காலத்துப் பேரேடுகள்: ஸ்கேன் செய்யும் முன் எதைப் பார்ப்பது?

கேள்வி: தேவகோட்டையில் ஐயா வீட்டை ஒழிக்கும்போது இரண்டாங்கட்டு அறையில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே பர்மா காலத்துப் பேரேடுகள், நாலாக மடித்த பத்திரங்கள், ஓலையில் எழுதிய இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்). காரைக்குடியில் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்யலாமா? எது தாங்கும்?

பதில்: கடைக்கு அப்புறம் போகலாம். முதலில் பெட்டியின் அடியைப் பாருங்கள். பழுப்புத் தூளும் சில்லுமாக உதிர்ந்து கிடந்தால் அந்தக் காகிதம் நொறுங்கும் நிலையில் இருக்கிறது. மூலையை மடித்து ஒடிகிறதா என்று சோதிக்கச் சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

அடுத்து மை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு படர்ந்து, பின்பக்கமும் ஊறித் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்பு உப்பு கலந்த பழைய மை. காகிதத்தையே அரித்துவிடும், மை கனத்த சுழிகளில் பொத்தல் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட தாளை விரலால் தூக்காமல், அடியில் ஓர் அட்டையைச் செருகி எடுங்கள்.

பேரேடுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாதாரண பென்சில் போல மினுங்கும் எழுத்தில் அங்கங்கே ஊதாப் பொட்டு தெரிகிறதா? அது காப்பியிங் பென்சில். ஈரம் பட்டால் எழுத்து ஊதாவாகக் கரைந்து பரவும், வரவு எது பற்று எது என்றே தெரியாமல் போகும். எச்சில் தொட்டுப் புரட்டுவதும் ஈரத்துணியால் துடைப்பதும் கூடவே கூடாது.

பூஞ்சை தொட்டால் பிசுபிசுத்து இழுகினால் இன்னும் உயிரோடு இருக்கிறது. தனியே எடுத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் போட்டால் மை வெளிறும். முகக்கவசம் அவசியம்.

பத்திரங்களை மடிப்பில் பாருங்கள். மடிப்பு வெடித்திருந்தால் அழுத்தி விரிக்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் நினைப்பே வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்து முடித்தால் பெட்டியில் உள்ளவை தானாகவே வகை பிரிந்துவிடும். உறுதியான தனித்தாள்களைத் தட்டை ஸ்கேனரில் வைக்கலாம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், முத்திரையும் பொடி எழுத்தும் இருந்தால் 600. கலரில்தான் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் வெளிறிய பழுப்பு மை காணாமல் போய்விடும். தைத்த பேரேட்டை மல்லாத்தி அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். பாதி திறந்து, இருபுறமும் தலையணை கொடுத்து, மேலிருந்து கேமராவில் எடுங்கள். ஓலையும் அப்படித்தான், ஆனால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். கீறிய எழுத்து நிழலில்தான் எழும்பித் தெரியும். ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்காதீர்கள்.

நொறுங்குவதும் அரித்ததும் கடைக்குப் போகவே கூடாது. அவற்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் காட்டிக் கேளுங்கள். அந்த நூலகத்தின் மூலச் சேகரிப்பே உங்கள் பக்கத்துக் கோட்டையூரிலிருந்து போனதுதான். மற்றதைக் கடையில் கொடுக்கும்போது, தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஃபீடரில் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.