நாக்கில் பியர்சிங் செய்துகொள்ளலாமா? ஆற எத்தனை நாளாகும்?

"கோயில்ல அலகு குத்துறவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லையே, எனக்கு மட்டும் ஏன் வீட்ல இவ்வளவு பயமுறுத்துறாங்க" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். நான் பல் மருத்துவர், கோவையில் கிளினிக் வைத்திருக்கிறேன். அலகிலிருந்தே தொடங்குகிறேன்.

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நாக்கில் ஏறுகிற வேல், நேர்த்திக்கடன் முடிந்ததும் வெளியே வந்துவிடும். நாக்குக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் ஓட்டை சீக்கிரம் மூடிக்கொள்ளும். உங்கள் நாக்கில் ஏறப்போவது வெளியே வராது. வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து, பேசும்போதும் சாப்பிடும்போதும் பல்லில் இடித்துக்கொண்டிருக்கும். குத்துகிற வேலை சில நொடிதான். நான் பயப்படுவது குத்திய பிறகு உள்ளே தங்குகிற கம்பிக்கு.

முதலில் போடுகிற பார்பெல், அதாவது இரு முனையிலும் சின்ன உருண்டைக் குண்டு வைத்த கம்பி, வேண்டுமென்றே நீளமாக இருக்கும், சுமார் 20 மில்லிமீட்டர். நாக்கு சில மணி நேரத்திலேயே வீங்கத் தொடங்கும், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சம். குட்டையான கம்பி போட்டால் கீழ்க் குண்டு சதைக்குள் புதைந்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும். உள்ளே முழுசாக ஆற நான்கு முதல் எட்டு வாரம். இடையில், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், குத்திக்கொண்ட அதே ஸ்டுடியோவுக்குப் போய் 14-16 மில்லிமீட்டர் கம்பிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. வலி போயிற்று, போட்டோ போட்டாயிற்று, அப்புறம் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த நீளக் கம்பியின் பலன் என் நாற்காலியில் தெரியும். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில், கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு பல்லில் மட்டும் ஈறு V மாதிரி இறங்கி மஞ்சளாக வேர் தெரியும். குண்டு சரியாக அந்த இடத்தில் வந்து உட்காரும். நோயாளிக்கு வலி இருக்காது, அதனால் தெரியவும் தெரியாது. இறங்கிய ஈறு தானாக ஏறி வராது. 2002-இல் ஒரு பீரியடான்டாலஜி (ஈறு மருத்துவம்) இதழில் வந்த ஆய்வில், நீளக் கம்பியை இரண்டு வருடமோ அதற்கு மேலோ போட்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஈறு இறங்கியிருந்தது. நான்கு வருடம் தாண்டியவர்களில் 47 சதவீதம் பேருக்குக் கடைவாய்ப் பக்கத்துப் பற்களில் சில்லு பெயர்ந்திருந்தது. முறுக்கு கடிக்கும்போது குண்டு நடுவில் மாட்டினால் போதும். குண்டைப் பல்லில் டக் டக்கென்று தட்டி விளையாடும் பழக்கம் வந்துவிட்டால் இன்னும் சீக்கிரம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வாயில் பியர்சிங்கே வேண்டாம் என்கிறது. வேல்ஸ் நாட்டில் 2018 முதல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நாக்கில் குத்துவது சட்டப்படி குற்றம்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் சித்தி பெண் பெங்களூரில் குத்திக்கொண்டாள். போவதற்கு முன் என்னைக் கேட்டாள் என்பதே பெரிய விஷயம். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

துப்பாக்கி மாதிரி கருவியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கருவி) போட முடியாது, நாக்குக்கு அது ஆகவும் ஆகாது. ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசி, உங்கள் கண் முன்னால் பாக்கெட் பிரிக்க வேண்டும். நகை இம்ப்ளான்ட் தர, அதாவது உடலுக்குள் பொருத்தும் தர, டைட்டானியமாக இருக்கட்டும். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று பொதுவாகச் சொல்லித் தருவதில் நிக்கல் இருக்கும், கவரிங் கம்மல் போட்டாலே காது அரிப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. குத்துபவர் முதலில் உங்கள் நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நடுக்கோட்டின் இரு பக்கமும் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன, நீலமாகத் தெரிபவை சிரைகள், தமனி இன்னும் ஆழத்தில். பார்க்காமல் பேனாவால் புள்ளி வைப்பவரிடம் நாக்கை நீட்டாதீர்கள். மரத்துப்போக ஊசி போடுகிறோம் என்று ஸ்டுடியோவில் சொன்னாலும் வேண்டாம், அது மருத்துவர் செய்யவேண்டிய வேலை. 2024 டிசம்பரில் திருச்சியில் டாட்டூ கடையில் வைத்து நாக்கையே பிளந்துவிட்டதற்காகக் கைது நடந்ததே, உங்கள் வீட்டில் பயப்படுவது ஒருவேளை அந்தச் செய்தியைப் பார்த்தாக இருக்கலாம். அது வேறு, பியர்சிங் வேறு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் முன்பே போட்டிருக்க வேண்டும். இதய வால்வில் கோளாறு, கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கர்ப்பம், இவற்றில் ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை மூடிவிட்டு வேறு ஆசையைத் தேடுங்கள். வாய்க் கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வில் போய் உட்கார்ந்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

குத்திக்கொண்ட மூன்றாம் நாள் சித்தி பெண் அனுப்பிய வாய்ஸ் நோட்டில் ல, ழ, ள மூன்றும் ஒன்றாகிவிட்டன. (அதற்கு முன்பும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.) "அக்கா, இட்லிகூட முழுங்க முடியல, எச்சிலா ஊத்துது" என்றாள். ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொள், தலையணையை உயர்த்திப் படு, வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடாது, ரத்தம் கசியும் என்றேன். ஃப்ரிட்ஜில் வைத்த குழைந்த தயிர்சாதம், மோர், இளநீர் என்று அந்த வாரம் ஓடியது. சுடச்சுட ரசம், ஊறுகாய், மிளகாய்ப்பொடி எல்லாம் காத்திருக்கட்டும். சிகரெட், மது, பான், முத்தம், அடுத்தவர் ஸ்பூன், இவையும் புண் ஆறும்வரை கிடையாது.

கொப்பளிக்க, ஒரு டம்ளர் கொதித்து ஆறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு. கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து நம் ஊரில் கடல்நீர் ஆக்கிவிடுகிறார்கள், புண் எரிந்து இன்னும் தாமதமாகும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். குளோர்ஹெக்ஸிடின் என்கிற கிருமிநாசினி மவுத்வாஷ் நல்ல மருந்துதான், ஆனால் வாரக்கணக்கில் பயன்படுத்தினால் பல்லும் நாக்கும் பழுப்பாகும். மஞ்சள்தூள் வைக்கச் சொல்லும் பாட்டியை அன்போடு தடுத்துவிடுங்கள்.

குண்டு இறுக்கமாக இருக்கிறதா என்று தினமும் கை கழுவிவிட்டுத் திருகிப் பாருங்கள். கழன்று வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும், மூச்சுக்குழாய்க்குள் போனால்தான் ஆபத்து. ஆறிய பிறகு குண்டின் அடியிலும் பிரஷ் போடுங்கள், பல்லில் பிடிக்கிற காரை அங்கேயும் பிடிக்கும். ரத்ததானம் செய்கிறவர் என்றால் ஒரு வருடம் உங்களிடம் எடுக்க மாட்டார்கள்.

கம்பியைச் சுற்றி வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ கொஞ்சம் கசிவது இயல்பு. கெட்டியாகப் பச்சை மஞ்சளில் நாற்றத்தோடு வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நீங்களாகக் கம்பியைக் கழற்றாதீர்கள், ஓட்டையின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடும். தாடைக்கு அடியில் வீங்கிக் கெட்டியானாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் கஷ்டமானாலோ ஸ்டுடியோவுக்கு போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.